பரம் பொருள்ல முதல் ஜாப் ஓட்டுறது எப்படி: அக்கவுண்ட் வாங்குறதுல இருந்து எம்பிஐ வரைக்கும்

லேப்டாப்ல ராத்திரி முழுக்க ஃபேன் கத்திக்கிட்டு ஓடியும் பாதி கூட முடியாத சிமுலேஷன் கையில இருக்கு, கைடு "சூப்பர் கம்ப்யூட்டர்ல போட்டுரு பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மீட்டிங்குக்கு போயிட்டார், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. இப்படி முழிக்கிற எம்டெக், பிஎச்டி ஆளுங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். லினக்ஸ் டெர்மினல்ல ஃபோல்டர் மாறுறது, ஃபைல் காப்பி பண்றது தெரிஞ்சா போதும், மத்ததை இங்க பாத்துக்கலாம்.

உதாரணத்துக்கு திருச்சி என்ஐடில இருக்குற பரம் பொருளை எடுத்துக்கிறேன். 2015ல ஆரம்பிச்ச நேஷனல் சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன்ல, அதாவது மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துற 4500 கோடி ரூபாய் திட்டத்துல வந்த மெஷின் இது, 2022 மே மாசம் தொடங்கி வச்சாங்க. 838 டெராஃப்ளாப்ஸ். நம்ம கணக்குல சொன்னா செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு. இதே திட்டத்துல காசி பிஎச்யூ ஐஐடில பரம் சிவாய், ஐஐஎஸ்சில 3.3 பெட்டாஃப்ளாப்ஸ், அதாவது 3,300 டெராஃப்ளாப்ஸ் பரம் பிரவேகா, ரூர்க்கில பரம் கங்கான்னு வரிசையா இருக்கு, எல்லாத்துலயும் லினக்ஸ், எல்லாத்துலயும் ஸ்லர்ம் (நாம குடுக்குற வேலையை, அதாவது ஜாப்பை, வரிசைல வச்சு ஓட்டுற சாஃப்ட்வேர்), அதனால ஒன்னு பழகிட்டா மத்ததுல பேரை மட்டும் மாத்தி ஓட்டிக்கலாம்.

அந்த 838ஐ பாத்து மயங்கிடாதீங்க. அது மொத்த மெஷினோட கணக்கு. அதுல ஒரே ஒரு கோரை (சிப்புக்குள்ள கணக்கு போடுற ஒரு யூனிட்) மட்டும் தனியா எடுத்தா உங்க புது லேப்டாப் கோரை விட மெதுவாத்தான் இருக்கும், ஏன்னா சர்வர் சிப்ல கோர் அதிகம், ஒவ்வொன்னோட கிளாக் ஸ்பீடு கம்மி. ஒரே கோர்ல ஓடுற மாதிரி எழுதுன பைத்தான் ஸ்க்ரிப்டை அப்படியே தூக்கிட்டு வந்து இங்க போட்டா, க்யூல காத்திருந்த நேரமும் சேர்ந்து, வீட்லயே ஓட்டியிருக்கலாமேன்னுதான் தோணும். இந்த மெஷின் கிட்ட எவ்வளவு கேக்கணும், எப்படி கேக்கணும்ங்கிறதுதான் இதுல பாதி வேலை, அது அக்கவுண்ட் ஃபார்ம்லயே ஆரம்பிச்சிருது.

அக்கவுண்ட்

அந்த காலேஜ்லயே படிக்கிறவங்கன்னா பொதுவா ஒரு ஃபார்ம், அதுல கைடு சைன், டிபார்ட்மெண்ட் ஹெட் சைன், அவ்ளோதான். வெளி காலேஜ்ல இருந்து வர்றவங்களுக்கு கொஞ்சம் கூட வேலை இருக்கும்: ப்ராஜெக்ட் என்ன, எந்த சாஃப்ட்வேர், எத்தனை கோர் ஹவர் வேணும்னு ஒரு சின்ன புரபோசல். சில இடத்துல கட்டணமும் உண்டு. எந்த இடமா இருந்தாலும் அக்கவுண்ட் ப்ரொஃபசர் பேர்ல உள்ள ப்ராஜெக்ட்டோடதான் ஒட்டியிருக்கும், ஸ்டூடண்ட் தனியா போய் கேட்டா கிடைக்காது, அதனால முதல் மெயிலே கைடை சிசில வச்சு போடுங்க. ஜிமெயில்ல இருந்து போடாதீங்க, காலேஜ் ஐடில இருந்து போடுங்க.

ஃபார்ம்ல எல்லாரும் தடுமாறுற இடம் அந்த கோர் ஹவர் கட்டம்தான். ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு கோர் ஹவர். பக்கத்து சீட்ல என்ன போட்டானோ அதையே போட்டுட்டு போறவங்க நிறைய, ஆனா கணக்கு ஒன்னும் கஷ்டம் இல்ல. லேப் கம்ப்யூட்டர்ல 8 கோர்ல சின்னதா ஒரு ரன் விட்டு பாருங்க. ஒரு ஸ்டெப்புக்கு 2 செகண்ட் ஆகுது, மொத்தம் 5 லட்சம் ஸ்டெப் வேணும்னு வச்சுக்கோங்க, 10 லட்சம் செகண்ட், அதாவது சுமாரா 278 மணி நேரம், 8 கோர்னால பெருக்குனா 2,222 கோர் ஹவர். இதே மாதிரி 12 வெப்பநிலைக்கு ஓட்டணும்னா 26,700 வரும். டெஸ்ட் ரன், ஊத்திக்கிற ரன், ரிவ்யூவர் கேக்குற எக்ஸ்ட்ரா ரன்னு ஒரு கால் பங்கு சேத்து 33,000னு எழுதலாம். இந்த கணக்கை அப்படியே புரபோசல்ல நாலு வரியா எழுதிடுங்க. படிக்கிற கமிட்டிக்கு நீங்க 33,000 கேக்குறீங்களா 50,000 கேக்குறீங்களாங்கிறதை விட, அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சுங்கிறதுதான் முக்கியம்.

உள்ள போறது

ஒரு விஷயம் இங்கயே சொல்லிடுறேன். கீழ கமாண்ட் எல்லாம் நாம வாயில சொல்ற மாதிரி தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், டைப் பண்றப்போ ஆங்கில எழுத்துல அடிங்க. ஸ்லர்ம் கமாண்ட் பெரும்பாலும் முன்னாடி எஸ்-னு ஒரு எழுத்து, பின்னாடி ஒரு சாதாரண ஆங்கில வார்த்தை, நடுவுல இடம் கிடையாது, அவ்ளோதான். அதனால எழுத்து தப்பாது.

உள்ள போறதுக்கு எஸ்எஸ்எச், தூரத்துல இருக்குற மெஷினுக்குள்ள டெர்மினல் வழியா போற கமாண்ட். விண்டோஸ்ல இப்போ பவர்ஷெல்லுலயே எஸ்எஸ்எச் இருக்கு, ஃபைலை இழுத்து போடுற வசதி வேணும்னா மோபாஎக்ஸ்டெர்ம் போட்டுக்கலாம். பரம் மெஷின்கள்ல போர்ட் நம்பர் பல இடத்துல வழக்கமான 22 இல்ல, 4422. மைனஸ் பி (போர்ட்டோட பி) போட்டு அந்த நம்பரை குடுக்கலேன்னா ஸ்க்ரீன் சும்மா தொங்கிக்கிட்டே நிக்கும், எர்ரர் கூட சீக்கிரம் வராது, புதுசா வர்றவங்க நெட் போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. காலேஜுக்கு வெளில இருந்து வர்றீங்கன்னா விபிஎன் வேணுமா, இல்ல உங்க ஐபியை பதிவு பண்ணணுமான்னு வெல்கம் மெயில்லயே இருக்கும், அதை முழுசா படிங்க. பாஸ்வேர்டை நாலஞ்சு தடவை தப்பா அடிச்சா சில இடத்துல ஐபியையே பிளாக் பண்ணிடும், சனிக்கிழமை சாயங்காலம் அப்படி ஆச்சுன்னா திங்கக்கிழமை வரைக்கும் ஒன்னும் பண்ண முடியாது. முதல் தடவை உள்ள போனதுமே பாஸ்வேர்டை மாத்திட்டு எஸ்எஸ்எச் கீ ஒன்னு செட் பண்ணி வச்சுருங்க. ஃப்ரெண்டுக்கு பாஸ்வேர்ட் குடுக்குற வேலை மட்டும் வேணாம், தெரிஞ்சா ரெண்டு பேர் அக்கவுண்டும் போயிரும்.

சூப்பர் கம்ப்யூட்டர்ங்கிறது நிறைய கம்ப்யூட்டரை சேத்து கட்டுனது, அதுல ஒவ்வொன்னும் ஒரு நோடு. நீங்க வந்து இறங்குற இடம் லாகின் நோடு. மெஷின்ல இருக்குற அத்தனை பேரும் இறங்குற இடம் அது. ஃபைல் எடிட் பண்றது, கம்பைல் பண்றது, ஜாப் போடுறது, இதுக்கு மட்டும்தான் அது. அங்கயே புரோகிராமை ஓட்டி விட்டா எல்லாரோட டெர்மினலும் திக்கி திக்கி நகரும், அட்மின் உங்க பிராசஸை கொன்னுட்டு மெயில் போடுவார், மெயில்ல கைடும் சிசில இருப்பார். அஞ்சு நிமிஷம் டெஸ்ட் பண்ணணும்னா கூட ஸ்லர்ம் கிட்ட கேட்டு ஒரு கம்ப்யூட் நோடுல, அதாவது ஜாப் ஓடுறதுக்குன்னே இருக்குற நோடுல, இன்டராக்டிவ்வா உக்காந்து பண்ணுங்க, அதுக்கு எஸ்ரன் கூட --பிடிஒய் பேஷ்னு குடுத்தா போதும்.

ஃபைல் எங்க வைக்கிறது

ரெண்டு இடம் குடுப்பாங்க, ஹோம், ஸ்க்ராட்ச். ஹோம் சின்னது, கோடு, ஸ்க்ரிப்ட், இன்புட் ஃபைல் இதெல்லாம் அங்க. ஸ்க்ராட்ச் பெருசு, வேகமானது, ஜாப் ஓடுற இடம் அதுதான், ஆனா ரொம்ப நாள் தொடாம கிடக்குற ஃபைலை அழிச்சிருவாங்க, பேக்கப்பும் கிடையாது. தீசிஸ் ரிசல்ட்டை ஸ்க்ராட்ச்ல வச்சுட்டு ஊருக்கு போயிட்டு வந்து தேடுற கதை எல்லா லேப்லயும் ஒன்னு இருக்கும். ஜாப் முடிஞ்சதும் தேவையானதை ஆர்சிங்க் போட்டு உங்க லேப் கம்ப்யூட்டருக்கு இழுத்துருங்க. ஆர்சிங்க் ஏன்னா, நடுவுல கனெக்ஷன் அறுந்தாலும் மறுபடி போட்டா ஏற்கனவே வந்த ஃபைலை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் இழுக்கும்.

ஸ்க்ராட்ச் பெரும்பாலும் லஸ்டர்னு ஒரு ஃபைல் சிஸ்டம். பெரிய பெரிய ஃபைலை பல டிஸ்க்ல பிரிச்சு வச்சு ஒரே நேரத்துல படிக்கிறதுல கில்லாடி, ஆனா லட்சக்கணக்குல குட்டி குட்டி ஃபைல்னா திணறிரும், ஏன்னா ஒவ்வொரு ஃபைலை திறக்கவும் எந்த ஃபைல் எங்க இருக்குன்னு கணக்கு வச்சிருக்குற மெட்டாடேட்டா சர்வர் கிட்ட போய் கேக்கணும், அது எல்லாருக்கும் பொது. டீப் லேர்னிங் பண்றவங்க 2 லட்சம் போட்டோவை தனித்தனி ஃபைலா கொண்டு வந்து கொட்டுறாங்க பாருங்க, அவங்களால பக்கத்துல ஓடுற சிஎஃப்டி (தண்ணி, காத்து ஓட்டத்தை சிமுலேட் பண்ற) ஜாப்பும் சேர்ந்து படுத்துரும். டார் பண்ணி ஒரே ஃபைலாக்குங்க, இல்லேன்னா எச்டிஎஃப்5ல, அதாவது நிறைய டேட்டாவை ஒரே ஃபைலுக்குள்ள அடுக்குற ஃபார்மட்ல போடுங்க.

சாஃப்ட்வேர்

சூடோ, அதாவது அட்மின் உரிமை, கிடையாது. கேக்கவும் கேக்காதீங்க. மாட்யூல் அவெய்ல்னு அடிச்சா ஏற்கனவே போட்டு வச்சிருக்குற சாஃப்ட்வேர் லிஸ்ட் வரும், குரோமாக்ஸ், லாம்ப்ஸ், குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ, ஓபன்ஃபோம் மாதிரி எல்லாரும் கேக்குறது பெரும்பாலும் இருக்கும், சில இடத்துல ஸ்பேக்னு ஒரு இன்ஸ்டால் டூல் வழியா வரும். மாட்யூல் லோட் பண்ணி எடுத்துக்குங்க. வெர்ஷன் நம்பரையும் சேத்து லோட் பண்றது நல்லது, பேரை மட்டும் குடுத்தா அட்மின் புது வெர்ஷன் போட்ட அன்னைக்கு உங்க ரிசல்ட் எதுல வந்துச்சுன்னே தெரியாம போயிரும். சொந்த கோடுன்னா இங்கயே கம்பைல் பண்ணுங்க, லேப்டாப்ல கம்பைல் பண்ணதை தூக்கிட்டு வந்தா லைப்ரரி பொருந்தாது, பொருந்துனாலும் ஒரே அடில பல எண்ணை சேத்து கணக்கு போடுற இந்த சிப்போட அகலமான வெக்டர் வசதியை பயன்படுத்தாம ஓடும். கம்ப்யூட் நோடுல பொதுவா இன்டர்நெட் இருக்காது, அதனால பிப் இன்ஸ்டால், டேட்டா டவுன்லோட் எல்லாம் முன்னாடியே முடிச்சு வச்சுக்கணும்.

உங்க புரோகிராம் எந்த ரகம்

ஸ்க்ரிப்ட் எழுதுறதுக்கு முன்னாடி இதுக்கு பதில் தெரியணும். தெரியாம ஆன்லைன்ல கிடைச்ச ஸ்க்ரிப்டை காப்பி அடிக்கிறதுலதான் பாதி கோர் ஹவர் வீணா போகுது.

முதல் ரகம், பல நூல், அதாவது த்ரெட். ஓபன்எம்பில எழுதுனது இப்படித்தான். ஒரே புரோகிராம், ஒரே மெமரி, அதுக்குள்ள பல த்ரெட் வேலை பாக்கும். எல்லாம் ஒரே மெமரியை பாக்கணும்ங்கிறதால இது ஒரு நோடை தாண்டாது. நீங்க 4 நோடு கேட்டாலும் ஒன்னுல ஓடும், மூணு சும்மா நிக்கும், நாலுக்கும் உங்க கணக்குல கழியும்.

ரெண்டாவது எம்பிஐ, அதாவது மெசேஜ் பாஸிங் இன்டர்ஃபேஸ். 1994ல முதல் ஸ்டாண்டர்ட் வந்துச்சு, இன்னைக்கும் பெரிய சிமுலேஷன் முக்கால்வாசி இதுலதான் நிக்குது. ஒரே புரோகிராம் பல பிராசஸா தனித்தனி மெமரியோட ஓடும், ஒன்னுக்கொன்னு மெசேஜ் அனுப்பிக்கும். மெசேஜ் நோடுக்கு நோடு இன்ஃபினிபேண்ட்னு ஒரு வேகமான நெட்வொர்க் வழியா போறதால எத்தனை நோடுக்கு வேணாலும் விரிக்கலாம். ஒரு குழாய்ல தண்ணி ஓடுறதை சிமுலேட் பண்றீங்கன்னா, குழாயை 96 துண்டாக்கி ஒவ்வொரு துண்டும் ஒரு பிராசஸுக்கு, ஒவ்வொரு ஸ்டெப்லயும் துண்டோட ஓரத்துல இருக்குற மதிப்பை மட்டும் பக்கத்து பிராசஸுக்கு அனுப்பணும். துண்டு ரொம்ப சின்னதானா கணக்கு போடுற நேரத்தை விட ஓரத்து மதிப்பை பரிமாறுற நேரம் அதிகமாயிரும், அங்கதான் வேகம் நிக்கும்.

மூணாவது ரகம்தான் நிறைய பேருக்கு உண்மையில தேவைப்படுறது, ஆனா யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ஒரே புரோகிராமை 500 வேற வேற இன்புட்டுக்கு ஓட்டணும், ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல. இதுக்கு எம்பிஐயும் வேணாம் ஒன்னும் வேணாம், ஸ்லர்ம்ல ஜாப் அர்ரேன்னு ஒரு வசதி இருக்கு. --அர்ரே=1-500%20ன்னு ஒரே வரி. 500 ஜாப் உண்டாகும், ஒரே நேரத்துல 20க்கு மேல ஓடாது, ஒவ்வொன்னுக்கும் ஒரு டாஸ்க் ஐடி நம்பர் கிடைக்கும், அந்த நம்பரை வச்சு எந்த இன்புட்டுன்னு ஸ்க்ரிப்ட் எடுத்துக்கும். ஃபார் லூப்புல 500 தடவை எஸ்பேட்ச் (ஜாப் போடுற கமாண்ட்) அடிக்கிறதை விட இது ஸ்லர்முக்கும் நிம்மதி, உங்களுக்கும் கேன்சல் பண்றது ஒரே கமாண்ட்.

ஸ்க்ரிப்ட்

குழாய் உதாரணத்துக்கே எம்பிஐ ஜாப் ஸ்க்ரிப்ட் ஒன்னு. நோடுக்கு 48 கோர்னு வச்சுக்கிறேன், பிரவேகால அப்படித்தான், 24 கோர் உள்ள இன்டெல் சியான் சிப் ரெண்டு. உங்க மெஷின்ல எத்தனைன்னு எஸ்இன்ஃபோல பாத்துக்கோங்க, பார்ட்டிஷன், அதாவது நோடுகளை ரகம் வாரியா பிரிச்சு வச்சிருக்குற குழு, அதோட பேரும் அங்கயே தெரியும்.

#!/பின்/பேஷ்
#எஸ்பேட்ச் --ஜாப்-நேம்=குழாய்
#எஸ்பேட்ச் --பார்ட்டிஷன்=சிபியு
#எஸ்பேட்ச் --நோட்ஸ்=2
#எஸ்பேட்ச் --என்டாஸ்க்ஸ்-பெர்-நோடு=48
#எஸ்பேட்ச் --டைம்=06:00:00
#எஸ்பேட்ச் --அவுட்புட்=லாக்.%ஜே

மாட்யூல் பர்ஜ்
மாட்யூல் லோட் ஓபன்எம்பிஐ/வெர்ஷன்
எக்ஸ்போர்ட் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்=1
எஸ்ரன் ./குழாய்

இதுல ஹேஷுக்கு அடுத்து வர்ற எஸ்பேட்ச்ங்கிற வார்த்தையும் ஓஎம்பி_நம்_த்ரெட்ஸும் மட்டும் முழுக்க கேப்பிடல் எழுத்துல இருக்கணும், --க்கு அப்புறம் வர்ற ஆப்ஷன் எல்லாம் சின்ன எழுத்துதான், ஹேஷுக்கும் எஸ்-க்கும் நடுவுல இடம் விட்டா அது வெறும் கமெண்ட், ஸ்லர்ம் கண்டுக்காது. அதே மாதிரி இந்த வரிகள் எல்லாம் முதல் கமாண்டுக்கு முன்னாடியே வந்துரணும். மாட்யூல் லோட் வரிக்கு கீழ போய் --டைம் எழுதுனா அதை படிக்கவே படிக்காது, எர்ரரும் சொல்லாது, டீஃபால்ட் நேரத்தை எடுத்துக்கிட்டு பாதில ஜாப்பை வெட்டிரும். விண்டோஸ் நோட்பேடுல ஸ்க்ரிப்ட் எழுதி ஏத்துனா வரிக்கு வரி கண்ணுக்கு தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு வரும், எஸ்பேட்ச் அதை பாத்துட்டு டாஸ் லைன் பிரேக் இருக்குன்னு திருப்பி அனுப்பிரும், டாஸ்2யூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டுனா சரியாயிரும்.

ஓஎம்பி நம் த்ரெட்ஸ் வரி ஏன்? பைத்தானோட நம்பை மாதிரி லைப்ரரிங்க எத்தனை கோர் கண்ல படுதோ அத்தனை த்ரெட் கிளப்பும். 48 பிராசஸ், ஒவ்வொன்னும் 48 த்ரெட் கிளப்புனா ஒரே நோடுல 2,304 த்ரெட், 48 கோருக்கு அடிச்சுக்கும். ஜாப் ஓடுற மாதிரி இருக்கும், டாப்ல பாத்தா 100 சதவீதம் காட்டும், வேலை மட்டும் நகராது. பிராசஸும் த்ரெட்டும் கலந்த கோடுன்னா நோடுக்கு 8 பிராசஸ், --சிபியுஸ்-பெர்-டாஸ்க்=6ன்னு பெருக்குனா 48 வர்ற மாதிரி குடுங்க, த்ரெட் நம்பரும் 6. ஸ்லர்ம் 22.05ல இருந்து எஸ்பேட்ச்ல குடுத்த சிபியுஸ்-பெர்-டாஸ்க்கை எஸ்ரன் தானா எடுத்துக்காது, எஸ்ரன் வரிலயும் மறுபடி எழுதணும். பழைய ஸ்க்ரிப்ட் திடீர்னு மெதுவாயிருச்சுன்னா முதல்ல இதை பாருங்க.

இன்னொன்னு. லாக் ஃபைல்ல உங்க புரோகிராம் ஆரம்பிக்கிறப்போ அடிக்கிற பேனர் ஒரு தடவைக்கு பதிலா 96 தடவை வந்து, ஒவ்வொன்னும் "1ல 0வது பிராசஸ்"னு சொல்லிச்சுன்னா, எம்பிஐ லைப்ரரியும் எஸ்ரன்னும் பேசிக்கலன்னு அர்த்தம், ஒரே கணக்கை 96 பேர் தனித்தனியா போட்டுக்கிட்டு இருக்காங்க. எஸ்ரன் --எம்பிஐ=பிஎம்ஐஎக்ஸ் போட்டு பாருங்க, இல்லேன்னா எம்பிஐரன்னுக்கு மாறுங்க, எது வேலை செய்யும்ங்கிறது அங்க எப்படி கட்டியிருக்காங்கங்கிறதை பொறுத்தது.

ஜாப் போட்டாச்சு, ஏன் ஓடல

எஸ்பேட்ச் ஸ்க்ரிப்ட் பேருன்னு அடிச்சா ஒரு ஜாப் நம்பர் வரும். எஸ்க்யூ மைனஸ் யூ போட்டு உங்க யூசர் பேர் குடுத்தா நிலைமை தெரியும், பிடின்னா காத்திருக்கு, ஆர்னா ஓடுது. வேணாம்னா எஸ்கேன்சல். கடைசி காலம்ல அடைப்புக்குறிக்குள்ள ஒரு காரணம் இருக்கும், நிறைய பேர் அதை பாக்காம நேரா அட்மினுக்கு மெயில் போடுறாங்க. ரிசோர்சஸ்னு இருந்தா நோடு காலியாகல, அடுத்த முறை உங்களுதுதான். பிரையாரிட்டின்னா உங்களுக்கு முன்னாடி ஆள் இருக்காங்க. பேர்ல மேக்ஸ், லிமிட்னெல்லாம் வந்தா உங்களுக்கு குடுத்த அளவை தாண்டி கேட்டிருக்கீங்க, காத்திருந்தா சரியாகுற ரகமா, இல்ல ஸ்க்ரிப்டை மாத்தணுமான்னு பாக்கணும். பார்ட்டிஷன் டைம் லிமிட்னு வந்தா அந்த பார்ட்டிஷன் அனுமதிக்கிற நேரத்தை விட அதிகம் கேட்டிருக்கீங்க, அது எவ்வளவு நாள் காத்திருந்தாலும் ஓடாது.

எல்லாரும் டைம் வரில அதிகபட்சத்தை போட்டுர்றாங்க, சேஃப்டிக்குன்னு. அது நமக்கே பாதகம். கல்யாண பந்தில பத்து பேர் குடும்பம் ஒன்னா உக்காரணும்னு நிக்கிறப்போ நடுவுல ரெண்டு இலை காலியா இருந்தா, சட்டுனு சாப்பிட்டு எழுந்துக்கிற ரெண்டு பேரை உக்கார வச்சுருவாங்கல்ல, ஸ்லர்மும் அதையே பண்ணும், பேக்ஃபில்னு பேரு. பெரிய ஜாப்புக்காக நோடு சேத்துக்கிட்டு இருக்குற இடைவெளில, அதுக்குள்ள முடிஞ்சிரும்னு உறுதியா சொல்ற சின்ன ஜாப்பை உள்ள விடும். அந்த உறுதி உங்க டைம் வரிதான். 4 மணி நேரத்துல முடியுற ஜாப்புக்கு 72 மணி நேரம் கேட்டா எந்த இடைவெளிலயும் நீங்க பொருந்த மாட்டீங்க. டெஸ்ட் ரன்ல பாத்த நேரத்தோட மூணுல ஒரு பங்கு கூட்டி கேளுங்க, போதும்.

ஃபேர்ஷேர்னு இன்னொன்னும் இருக்கு. போன வாரம் நீங்க நிறைய ஓட்டியிருந்தா இந்த வாரம் உங்க பிரையாரிட்டி இறங்கும், நாள் போகப்போக பழைய கணக்கு தேஞ்சுக்கிட்டே வரும், ஸ்லர்மோட டீஃபால்ட்ல 7 நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். அட்மினுக்கு வேண்டியவங்க ஜாப்தான் முன்னாடி போகுதுன்னு ஹாஸ்டல்ல பேசிக்கிறதுல பாதி இந்த கணக்குதான்.

எத்தனை நோடு

இதுக்கு ஒரே வழி, அளந்து பாக்குறது. பெரிய ரன்னை விடுறதுக்கு முன்னாடி அதே கணக்கோட சின்ன துண்டை, ஒரு 10 நிமிஷம் ஓடுற மாதிரி, 1, 2, 4, 8 நோடுல விடுங்க. 1 நோடுல 600 செகண்ட், 2ல 310, 4ல 170, 8ல 130ன்னு வருதுன்னு வைங்க. 4 நோடுல மூணரை மடங்கு வேகம், பரவால்ல, திறன் 88 சதவீதம். 8 நோடுல 4.6 மடங்குதான், திறன் 58 சதவீதம், அதாவது நீங்க கட்டுற கோர் ஹவர்ல பாதிக்கு பக்கத்துல தண்ணில போகுது. நான் 70 சதவீதத்துக்கு கீழ போனா அங்கயே நிறுத்திருவேன், இங்க 4 நோடுதான் சரி.

ஏன் இப்படி ஆகுதுங்கிறதுக்கு ஜீன் அம்டால் 1967லயே கணக்கு சொல்லிட்டார். கோடுல 95 சதவீதம் பிரிச்சு ஓட்டலாம், மிச்ச 5 சதவீதம் ஒரே ஆள்தான் பண்ணணும்னா, 48 கோர்ல 14 மடங்கு வேகம் கிடைக்கும், 480 கோர்ல 19 மடங்கு, உலகத்துல உள்ள எல்லா கோரையும் குடுத்தாலும் 20ஐ தாண்டாது. பத்து மடங்கு கோர் குடுத்து கிடைச்சது 14ல இருந்து 19. அந்த 5 சதவீதம் பெரும்பாலும் ஒரு பிராசஸ் மட்டும் ஃபைல் எழுதுற இடத்துலயோ, ஆரம்பத்துல இன்புட்டை படிச்சு எல்லாருக்கும் பிரிச்சு குடுக்குற இடத்துலயோ ஒளிஞ்சிருக்கும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் அவுட்புட் எழுதுறதை 1000 ஸ்டெப்புக்கு ஒரு தடவைன்னு மாத்துனாலே பல கோடு மூச்சு விடும்.

1, 2, 4, 8 நோடுல அளந்த அந்த நாலு நம்பரையும் டேபிளா போட்டு பத்திரமா வச்சுக்கோங்க. அடுத்த தடவை கோர் ஹவர் கேட்டு எழுதுறப்போ இந்த டேபிளை ஒட்டுனா கமிட்டி மேற்கொண்டு கேள்வி கேக்காது.

செத்துப்போன ஜாப்

முடிஞ்சதும் எஸ்அக்ட் (எஸ்-ஏ-சி-சி-டி) போட்டு ஜாப் எப்படி முடிஞ்சதுன்னு பாருங்க, சில இடத்துல எஸ்எஃப்னு (எஸ்-இ-எஃப்-எஃப்) ஒரு கமாண்ட் இருக்கும், அது கேட்ட சிபியுல எத்தனை சதவீதம், கேட்ட மெமரில எத்தனை சதவீதம் உண்மையா பயன்பட்டுச்சுன்னு நேரா சொல்லும். டைம் அவுட்னா நேரம் பத்தல. அவுட் ஆஃப் மெமரின்னா ரேம் பத்தல, அப்போ நோடுக்கு போடுற பிராசஸை 48ல இருந்து 24ஆ குறைச்சு நோடை ரெட்டிப்பாக்குனா ஒவ்வொரு பிராசஸுக்கும் ரெண்டு மடங்கு மெமரி கிடைக்கும், இல்லேன்னா ஹை மெமரி நோடு பார்ட்டிஷனுக்கு போகலாம். ஃபெயில்ட்னா உங்க புரோகிராமே விழுந்துருச்சு, லாக்கை கீழ இருந்து பாக்காம முதல் எர்ரரை தேடுங்க, ஒரு பிராசஸ் விழுந்தா மத்த 95ம் கத்திக்கிட்டே விழும், கடைசில இருக்குறது எல்லாம் அந்த கூச்சல்தான்.

நீளமான ரன்னுக்கு செக்பாயிண்ட், அதாவது விட்ட இடத்துல இருந்து தொடர நடுநடுவுல நிலைமையை ஃபைல்ல சேமிக்கிற வசதி, இல்லாம இறங்காதீங்க. கரண்ட், நோடு, மெயிண்டனன்ஸ், எது வேணாலும் நடுவுல வரலாம். குரோமாக்ஸ் தானாவே 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை செக்பாயிண்ட் எழுதும், மைனஸ் மேக்ஸ்எச் குடுத்தா நேரம் முடியுறதுக்கு கொஞ்சம் முன்னாடியே மரியாதையா நிறுத்திக்கும், அடுத்த ஜாப்ல மைனஸ் சிபிஐ குடுத்து விட்ட இடத்துல இருந்து தொடரலாம். லாம்ப்ஸ்ல ரீஸ்டார்ட் கமாண்ட், குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோல மேக்ஸ் செகண்ட்ஸ். சொந்த கோடுன்னா நீங்கதான் எழுதணும், எழுதிட்டு வேணும்னே ஒரு ஜாப்பை நடுவுல கேன்சல் பண்ணி, தொடர்ந்து ஓட்டி, நேரா ஓடுன ரிசல்ட்டோட ஒத்துப்போகுதான்னு பாத்துக்கணும். அடுத்த ஜாப் தானா கிளம்பணும்னா --டிபெண்டன்சி=ஆஃப்டர்எனி கூட பழைய ஜாப் நம்பரை குடுத்து முன்னாடியே வரிசையா போட்டு வச்சிரலாம்.

ஜிபியு பத்தி ரெண்டு வார்த்தை. --ஜிரெஸ்=ஜிபியு:1ன்னு கேட்டா ஒரு கார்டு கிடைக்கும், ஆனா உங்க கோடு ஜிபியுக்கு எழுதுனதா இருக்கணும், கார்டு கிடைச்சதாலயே எதுவும் வேகமாகாது. ஜிபியு நோடு எண்ணிக்கை கம்மி, க்யூ நீளம், வாங்கி வச்சுக்கிட்டு ஜூபிட்டர் நோட்புக்கை திறந்து வச்சு யோசிச்சுக்கிட்டு இருந்தா மத்தவங்க வயித்தெரிச்சலை கொட்டிக்க வேண்டியதுதான்.

ஹெல்ப் கேட்டு மெயில் போடுறப்போ ஜாப் நம்பர், ஸ்க்ரிப்ட் இருக்குற ஃபோல்டர், லாக் ஃபைல், எந்த மாட்யூல், இந்த நாலும் இருக்கட்டும். "சார் ஜாப் ஓடல"ன்னு மட்டும் போட்டா பதிலுக்கு இந்த நாலையும் கேட்டுத்தான் முதல் மெயில் வரும், அதுக்கே ஒரு நாள் போயிரும். ஸ்க்ரீனை ஃபோன்ல போட்டோ புடிச்சு அனுப்பாதீங்க, டெக்ஸ்டா காப்பி பண்ணி ஒட்டுங்க.

பேப்பர் எழுதுறப்போ நேஷனல் சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷனுக்கும், மெஷின் பேருக்கும், அது இருக்குற காலேஜுக்கும், சி-டாக்குக்கும் நன்றி சொல்லி ஒரு வரி அக்னாலெட்ஜ்மெண்ட்ல வரணும், அதோட வாசகத்தை அவங்களே குடுத்திருப்பாங்க, அப்படியே காப்பி பண்ணுங்க. பேப்பர் வந்ததும் ஒரு காப்பி அவங்களுக்கும் அனுப்பி வைங்க, அக்கவுண்டை புதுப்பிக்க போறப்போ உபயோகப்படும். படிப்பு முடிஞ்சு கிளம்புறவங்க கடைசி வாரத்துக்கு விட்டு வைக்காம டேட்டாவை முன்னாடியே இழுக்க ஆரம்பிச்சுருங்க, டெராபைட் கணக்குல இருந்தா ஹாஸ்டல் வைஃபைல அது ஒரே ராத்திரில இறங்காது.